எந்தத் தொய்வு

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அந்த வாக்கியம் என்னுடையதல்ல. ஒட்டுக்கேட்டு எடுத்தது.

நான் குடியேறி வாழும் நாட்டில், பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில், பேக்கரிக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில், மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று போனில் பேசினார். கறை படிந்த நீல மேலங்கி. தோளில் ஒரு பை, பைக்கு வெளியே கறுப்பாக ஒரு பெல்ட் வளைந்து தொங்கியது. இயந்திர பெல்ட், பல் வைத்தது. அவர் சொன்னது இது:

“தொய்வு இருக்கு அண்ணாச்சி. இப்படியே ஓட்டினா தாங்காது. வீட்டுல சொல்லிட்டீகளா இல்லையா?”

சாத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எழுதுகிறவர்களில் பலருக்குக் கதை கண்ணில் வரும் என்கிறார்கள். எனக்குக் காதில்தான். முதலில் குரல் வரும், பிறகு குரலுக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு முகம். சில கதைகளில் முகம் கடைசிவரை வராது. அதற்காக நான் காத்திருப்பதுமில்லை.

பெல்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டதால் எனக்குக் குழப்பமில்லை. பெல்ட் தொய்ந்திருக்கிறது, அதைத்தான் சொல்கிறார். நான் பிறந்த ஊரில் கொடிக்கயிறு தொய்யும், கட்டில் நாடா தொய்யும், எடுத்த காரியம் தொய்யும்.

ஆனால் மழை விட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு கேள்வி செருப்பில் ஒட்டிய சேறு மாதிரி கூடவே வந்தது. பெல்ட் தொய்ந்தால் இறுக்கிவிட்டுப் போகலாமே. அதை எதற்கு வீட்டில் சொல்ல வேண்டும்?

2

தொடக்கங்கள்.

முதலாவது: “கறிமஞ்சள் நிறத்தில், எழுபதுகளின் ஆஸ்திரேலிய ஃபால்கன் கார் ஒன்று, தன் நீண்ட மூக்கை —”

விட்டுவிட்டேன். இது கண்ணால் எழுதுகிறவர்களின் வேலை.

இரண்டாவது: “எஞ்சினும் மூச்சு விடுகிற ஒரு —”

இதையும் விட்டேன். எஞ்சினை மனிதனாக்கிவிட்டால் மனிதனைக் கொண்டுபோய் எங்கே வைப்பது?

மூன்றாவது: “சூப்பர்சார்ஜர் என்று கணவர் சொன்னதும், போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஏதோ ஒன்று என்று குணவதி நினைத்தார்.”

சிரிப்பு வரும். ஆனால் குணவதி ஒத்துக்கொள்ளவில்லை. [எழுதிய பாத்திரம் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று கேட்காதீர்கள். குரல் கேட்டது: “எனக்கு அவ்வளவும் தெரியாதோ?” என்றது.] அவர் எப்சம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குப்பிகளைக் கழுவி அடுக்கி, பிள்ளைகள் கலக்கக் கூடாததைக் கலக்குவதற்கு முன்னால் பிடுங்கி வைத்தவர். எதையும் தொட்டுப் பார்த்து, மறுபடியும் தொட்டுப் பார்த்த பிறகே நம்புவார். அவரைப் போய் அசடாக்கக் கூடாது.

சூப்பர்சார்ஜர் என்ன செய்யும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்தக் கதையின் ஆட்கள்தான். எஞ்சின் சாதாரணமாகத் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். அதன் தலையில் இந்தப் பெட்டியை வைத்தால், உள்ளே இரண்டு உருளைகள் சுற்றி, காற்றை அடித்து உள்ளே தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வலு கூடும். சோறு வேண்டாம் என்கிற பிள்ளையைப் பிடித்து வைத்து ஊட்டுகிற மாதிரி என்றான் அவர்களில் ஒருவன், மாரிசாமி. அந்த உருளைகளைச் சுற்றுவது எஞ்சினின் முன்பக்கத்தில் ஓடும் ஒரு பெல்ட். பெல்ட் தொய்ந்தால் பல் தாவும். பல் தாவினால் பெல்ட் அறும்.

ஆட்களையும் சொல்லிவிடுகிறேன், மூன்றே பேர். இராசநாயகம், யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவர், ஃபால்கனின் சொந்தக்காரர். குணவதி, அவர் மனைவி. மாரிசாமி, சாத்தூர்க்காரன், மனுரேவாவில் ஒரு கிடங்கின் பாரந்தூக்கி வண்டிகளைப் பழுது பார்ப்பவன். வாடகை வீட்டில் எஞ்சின் சத்தம் கூடாது என்று அவனுக்குத் தடை இருக்கிறது. அதனால் சனிக்கிழமைதோறும் மோட்டார்வே நெரிசலில் ஊர்ந்து, இராசநாயகத்தின் கராஜுக்கு வந்து அங்கே சத்தம் போட்டுவிட்டுப் போவான்.

3

முதல் வடிவத்தை எழுதி முடித்து, பக்கத்துத் தெருவிலிருக்கும் செல்வநாயகிக்குப் படித்துக் காட்டினேன். அவர் கொழும்பில் தாதியாக இருந்தவர், பிறப்பு யாழ்ப்பாணம். முதல் பக்கத்திலேயே கையை நீட்டி நிறுத்தினார்.

“ஆருக்குத் தொய்வு?”

“பெல்ட்டுக்கு.”

“பெல்ற்றுக்கு எப்பிடி அக்கா தொய்வு வரும்?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பெல்ட்டுக்குச் சளிக்காய்ச்சல் என்று எழுதிவிட்ட மாதிரி இருந்தது. பிறகுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் தொய்வு என்றால் ஆஸ்துமா. மூச்சு வாங்குவது, இழுப்பது, வாய்க்குள் மருந்து பீய்ச்சிக்கொள்வது. பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு அவர் காதில் அந்த ஒரு பொருள்தான். எனக்கு இந்த ஒரு பொருள். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்து ஒரே தமிழ் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றே முதல் வடிவத்தைக் கிழித்தேன். அதில் கார்தான் கதை, குணவதி ஓரத்தில் நின்றார். இப்போது அவர் நடுவே வந்துவிட்டார்.

4

சனிக்கிழமை முற்பகல். சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு கதவு. குணவதி லீக்ஸ் தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இரும்பில் இரும்பு தட்டும் சத்தம், இடையிடையே ‘புஸ்’ என்று எதையோ பீய்ச்சும் சத்தம். எதுவும் புதிதல்ல. சனிக்கிழமைகளில் அவர் வீடு அப்படித்தான் ஒலிக்கும்.

தட்டுவது நின்றது. மாரிசாமியின் குரல் தாழ்ந்தது. சத்தமாகப் பேசுகிறவன் குரலைத் தாழ்த்தினால் வீடு முழுக்கக் கேட்கும். குணவதி அடுப்புக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த புகைவிசிறியை நிறுத்தினார்.

“காத்து உள்ள போற வழியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தொய்வுதான் அண்ணாச்சி. வீட்டுல சொல்லிட்டீகளா?”

“மெல்லமாக் கதை. இன்னும் சொல்லேல்லை.” இது கணவரின் குரல்.

“எப்பத்தான் சொல்லப் போறீக?”

“அவ பயந்துபோவா.”

குணவதி கத்தியைக் கீழே வைத்தார்.

[இங்கே குணவதியின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொய்வில் போனவர். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் படுத்திருந்த காலம், மருந்து கிடைக்கவில்லை. யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சிரிப்பாராம். இந்த அக்காவை நான் பிறகுதான் சேர்த்தேன். பயத்துக்குக் காரணம் காட்டுவதற்காக ஒரு சாவைக் கொண்டுவந்து வைக்கிறேனோ என்று என்மீதே சந்தேகம். எடுத்துவிட்டுப் பார்த்தேன். எடுத்த பிறகும் குணவதி கத்தியைக் கீழே வைத்தார். எனவே அக்கா முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும்.]

அன்று சாப்பாட்டு மேசையில் அவர் கணவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கவனித்தார். கணவர் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டதையும், பேச்சின் நடுவே ஒரு மூச்சுக்கு நிறுத்தியதையும், நிறுத்திய இடத்தில் ஒரு நகைச்சுவையைச் சொருகியதையும் கவனித்தார். ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பழகிய வேலைதான்: அளவுகோலைப் பிள்ளைகள் பார்க்கும்போது, பிள்ளைகளைப் பார்ப்பது.

ஞாயிறு மாலை வழக்கம்போலக் கடற்கரைக்கு இறங்கினார்கள். இறங்குவது சுலபம். ஏறி வரும் பாதை செங்குத்து. பாதி வழியில், வளைவில், இராசநாயகம் நின்றார். “கடல் எவ்வளவு தூரம் வத்திப்போச்சு பாரும்” என்றார். உண்மைதான், சேறு அக்கரைவரை மினுங்கியது. குணவதியும் நின்று பார்த்தார்.

மறு ஞாயிறும் அதே வளைவில் நின்றார். “கடல் எவ்வளவு தூரம் வத்திப்போச்சு பாரும்.”

அன்று கடல் பெருக்கு. தண்ணீர் பாதையின் அடிக்கல்லை அடித்துக்கொண்டிருந்தது.

5

மாரிசாமியைப் பற்றி எனக்கும் சந்தேகம் உண்டு. செல்வநாயகி அதை ஊதிப் பெரிதாக்கினார்: வாரம் தவறாமல் வந்து, அவ்வளவு உழைத்து, ஒரு தட்டு இடியப்பத்தோடு எழுந்து போகிறவனை நம்ப முடியுமா என்றார். வாடகை வீட்டையும் சத்தத் தடையையும் சொன்னேன். அது உன் வசதிக்கு நீ வைத்த காரணம் என்றார். இருக்கலாம். கதையில் ஒருவன் காரணமில்லாமல் நல்லவனாக இருந்தால் வாசகர்கள் அவன் சட்டைப்பையைத் துழாவுகிறார்கள். நானும் துழாவினேன். பை நிறைய நட்டும் போல்ட்டும் இருந்தன, வேறொன்றும் கிடைக்கவில்லை.

அவன் அவ்வளவு அடக்கமானவனும் அல்ல. முதல் நாளே ஃபால்கனைச் சுற்றி வந்து, “அண்ணாச்சி, எஞ்சின் சிங்கம். ஆனா பெயின்ட்டு மட்டும் மஞ்சத்தூள் கம்பெனி வேன் மாதிரி இருக்கு” என்றவன். பெயின்ட் இராசநாயகம் தன் கையால் அடித்தது. “அப்ப சிங்கத்திலை ஏறாதை, பஸ்ஸிலை போ” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

[சூப்பர்சார்ஜர் எதற்கு என்று குணவதி ஒருமுறை கேட்டிருக்கிறார். “உதுக்கு மூச்சுக் காணாது” என்று காரைக் காட்டினார் இராசநாயகம், காணாது என்றால் போதாது. இந்த வரியை நான் எழுதியிருந்தால் அடித்திருப்பேன், குறியீட்டை மேசைமேல் வைத்து விளக்கேற்றுகிற மாதிரி இருக்கிறது. அவரே சொல்லிவிட்டார். அதனால் விட்டு வைத்திருக்கிறேன். ஆனால் எதற்காக அப்படிச் சொன்னார் என்று யோசிக்காமல் இல்லை.]

அடுத்த சனிக்கிழமை குணவதி கைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து கராஜுக்குள் போனார். கணவர் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக மாரிசாமியிடம் கேட்டார்.

“தம்பி, எனக்கு மறைக்காமல் சொல்லும். தொய்வு எவ்வளவு காலமா?”

இராசநாயகம் சிரித்தார்.

“எதுக்கு அக்கா? பெல்ட்டுக்கா?” என்றான் மாரிசாமி. “ரெண்டு வாரம் முந்தித்தான் பாத்தேன்.”

“பெல்ற்றோ?”

பிறகு நடந்ததை நீங்களே கேட்க முடியும். அவன் பெல்ட்டைக் காட்டினான். அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவனுக்கு விளங்க நேரமாகவில்லை. விளங்கியதும் பெட்ரோல் டப்பாமேல் உட்கார்ந்து சிரித்தான். கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்க்கச் சொன்னான். கொஞ்சம் அமுங்கலாம், நிறைய அமுங்கினால் அதுதான் தொய்வு, எங்க ஊர்த் தொய்வு என்றான். குணவதி அழுத்தினார். நிறைய அமுங்கியது. ஆய்வுக்கூடத்துக்காரி அல்லவா, இன்னொரு முறையும் அழுத்தினார். அப்போதும் அமுங்கியது.

“பெல்ற்றுக்கு நான் ஏன் பயப்பிடப் போறன்?” என்று அவர் இப்போது கணவரைக் கேட்டார்.

அதற்கு இராசநாயகத்திடம் பதில் இருந்தது. பொனெற்றில், அதாவது எஞ்சின் மேல்மூடியில், ஓட்டை வெட்டியாயிற்று. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் அந்த ஓட்டைக்குள்ளால் பறந்து வந்து முன்கண்ணாடியில் அடிக்கும். முதல் ஓட்டம் நாங்கள் இரண்டு பேரும்தான் என்று குணவதிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். இதைச் சொன்னால் நீர் ஏறமாட்டீர், அதுதான் இறுக்கிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார்.

நல்ல பதில். ஓட்டையில்லாத பதில்.

அன்று இடியப்பத்துக்கு இரண்டு கறி. போகும்போது மாரிசாமி வாசலில் நின்று, “அக்கா, உடம்பப் பாத்துக்கங்க, பெல்ட்டுக்கு மாத்திர குடுத்துத் தூங்க வைங்க” என்றான். குணவதி கைத்துண்டை அவன்மேல் எறிந்தார்.

6

இங்கே முடித்திருக்கலாம். பத்திரிகைகள் விரும்பும் அளவு, விரும்பும் சிரிப்பு. தலைப்புக்கூட வைத்துவிட்டேன். உறைக்குள் போடுவதற்கு முன்பு ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். எப்போதும் அப்படித்தான், காதில் தேறினால்தான் அனுப்புவேன்.

ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

நீங்களும் மேலே போய்ப் பாருங்கள். குணவதி கேட்கிறார். மாரிசாமி எதுக்கு என்கிறான், பெல்ட்டுக்கா என்கிறான். அதற்குப் பிறகுதான் அது தமாஷ். ஆனால் இராசநாயகம் அதற்கு முன்பே சிரித்துவிட்டார். இன்னும் சிரிக்க ஒன்றுமே இல்லாத இடத்தில்.

அதை நான் யோசித்து எழுதவில்லை. அந்த வரிசையில்தான் எனக்குக் கேட்டது, கேட்டபடி எழுதினேன். மாற்றிப் பார்த்தேன். சிரிப்பைத் தூக்கி மாரிசாமியின் பதிலுக்குப் பின்னால் வைத்தேன். ஒட்டவில்லை. நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்க, அதை இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அவரையே கேட்கலாம் என்று பார்த்தேன். எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? கராஜுக்குள் ஆளில்லாத நேரத்தில் அவரை ஒரு பத்தியில் தனியாக உட்கார வைத்தேன். “இராசநாயகம் பெல்ட்டைத் துடைத்தபடி தனக்குள் நினைத்துக்கொண்டார், —” என்று தொடங்கினேன். அவர் எதையும் நினைக்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, போய்த் தேத்தண்ணி குடியுங்கோ என்றார். என்னைத்தான்.

[வளைவில் நின்றது? அந்த வயதில் எல்லாரும் நிற்பார்கள், நானும் நிற்கிறேன். பெருக்கு நாளில் வற்று என்று சொன்னது? பழக்கத்தில் வாய் தவறியிருக்கலாம். ‘புஸ்’ சத்தம்? கராஜில் துப்புரவு மருந்து பீய்ச்சாமல் யார் வேலை செய்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பதில் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.]

இந்த நிலையில்தான் பேக்கரி வாசலில் அந்த நீல மேலங்கிக்காரரை மறுபடி பார்த்தேன். கதைக்குள் இருப்பவனை அல்ல, நிஜத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னவரை. ஒரு கையில் ஏதோ ரொட்டிப் பண்டம், மறு கையில் போன். கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். தம்பி, அன்று நீங்கள் சொன்னது பெல்ட்டைத்தானே, அவ்வளவுதான் கேள்வி.

அவர் போனில் சொன்னார்: “ஓம் அண்ணாச்சி. ஓம் ஓம்.”

உட்கார்ந்துவிட்டேன்.

சாத்தூர்க்காரர் வாயில் ஆமாவுக்குப் பதில் ஓம். அப்படியானால் யாழ்ப்பாணத்தாரோடு பழகிப் பழகி அவர் தமிழ் கரை தாண்டிவிட்டது. ஓம் தாண்டினால் தொய்வும் தாண்டியிருக்கலாம். அன்று அவர் எந்தக் கரையில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னார்?

வீட்டுக்கு வந்து, கதையில் முன்பே இருந்திருக்க வேண்டிய ஒன்றை இப்போது சேர்க்கிறேன். ஐந்தாம் பகுதியில் எங்கேயாவது இதை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்: மாரிசாமிக்கும் ‘ஓம்’ ஒட்டிக்கொண்டது. முதலில் கிண்டலுக்குச் சொன்னான். கிண்டல் எந்தச் சனிக்கிழமை முடிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

7

சூப்பர்சார்ஜரோடு எஞ்சினை முதன்முதலாக முடுக்கும் நாள். வேலை எல்லாம் முடிந்துவிட்டது. பொனெற்றின் ஓட்டைக்கு வெளியே வெள்ளியாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தது சூப்பர்சார்ஜர். பெட்டி சரி, பல்சக்கரம் சரி, பெல்ட் புதிது.

குணவதி முன்னால் வந்து, யாரும் சொல்லாமலே கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்தினார். இறுக்கம். சொன்ன அளவுதான் அமுங்கியது. இன்னொரு முறை. அதேதான்.

“பாஸா அக்கா?” என்றான் மாரிசாமி.

“பாஸ்.”

முடுக்கினார்கள். முதலில் எஞ்சினின் பழைய உறுமல், அது குணவதிக்குத் தெரிந்த சத்தம்தான். அதற்கு மேலே புதிதாக ஒரு கீச்சு ஏறியது, ஊசியில் நூல் இழுத்த மாதிரி, கால் அழுத்த அழுத்த உயர்ந்துகொண்டே போனது. அலமாரியில் ஆணிகள் நடுங்கின. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எழுந்து ஏதோ கத்தினார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் குணவதி வெளியே போனார். பாராட்டுத்தான். அவருடைய பழைய காரைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றது. நின்றதும் தெருவே காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. குணவதி திரும்பி வந்தார். கராஜின் உருட்டுக்கதவு பாதி இறங்கியிருந்தது. அவர் போகும்போது அது முழுக்கத் திறந்திருந்தது.

உள்ளிருந்து:

“தொய்வு இன்னும் இருக்கு அண்ணாச்சி. இனியும் மறைக்கக் கூடாது. இன்னைக்குச் சொல்லிருங்க.”

“ஓம்.”

“ஓம்னா எப்போ?”

“ஒருக்கா ஓடிப்போட்டு வந்து சொல்லுறன். அவவுக்கு வாக்குக் குடுத்திட்டன்.”

பிறகு ‘புஸ்’. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு ‘புஸ்’.

குணவதி குனிந்து கதவுக்கு அடியால் உள்ளே வந்தார். இருவரும் திரும்பினார்கள். மாரிசாமியின் கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. இராசநாயகத்தின் கை கைதுடைக்கும் துணியைப் பிடித்திருந்தது. துணிக்குள் எதுவும் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் போதாது என்று முன்பே சொன்னேன்.

குணவதி நேராகக் காரின் முன்னால் போனார். கட்டைவிரலை நீட்டினார்.

8

முடிவுகள். என்னிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

பெல்ட் தொய்ந்திருக்கிறது. அப்படி நடக்கும். கார் தெரிந்த ஒருவரிடம் விசாரித்துவிட்டேன்: புது பெல்ட் முதல் சூட்டில் கொஞ்சம் தளரத்தான் செய்யும், மறுபடி இறுக்க வேண்டும். கொடுத்த வாக்கை இன்றே காப்பாற்ற ஆசைப்பட்டு, ஒரு சுற்றுப் போய்வந்து சொல்லலாம் என்று கணவர் மறைத்திருக்கிறார். குணவதி திட்டுவார். மாரிசாமி இறுக்குவான். மூவரும் சிரிப்பார்கள். இந்த முடிவில் இராசநாயகம் கடைசியாகச் சிரிக்க வேண்டும் என்று நான் எவ்வளவோ —

பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. அப்படியானால் மாரிசாமி சொன்ன தொய்வு இந்தப் பெல்ட்டுடையதல்ல. அவன் அதைக் குணவதியின் தமிழில் சொல்லியிருக்கிறான், அவரிடமிருந்தே கற்றுக்கொண்ட சொல்லால். அந்தச் சிரிப்பும் வளைவும் வற்றிய கடலும் வந்து வரிசையாக நிற்கின்றன. இந்த முடிவை எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே அக்கா படுத்திருந்த பள்ளிக்கூட மண்டபம் வந்துவிட்டது. நிறுத்தினேன்.

செல்வநாயகிக்கு ஒரு முடிவு உண்டு: பெல்ற்று கில்ற்று எல்லாம் விடச் சொல்லு அக்கா, அந்த மனுசனைக் கையோடை கூட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டைக் காட்டச் சொல்லு. உலகத்தில் மிகச் சரியான முடிவு அது. ஆனால் குணவதி இன்னும் காரின் முன்னால்தான் நிற்கிறார். அவர் கட்டைவிரலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி.

அதற்குள் இராசநாயகம் வந்துவிட்டார். அவருடைய கை குணவதியின் மணிக்கட்டைப் பிடித்தது.

“சுடும். கையை எடும்.”

உண்மைதான், எஞ்சின் இப்போதுதான் நின்றது, கொதிக்கும். வேறு எதற்காகவும் ஒருவர் அப்படி வந்து பிடிக்கலாம் என்பதும் உண்மைதான். காரின் முன்னாலிருந்து அவர் நின்ற இடத்துக்கு நாலு எட்டுக்கூட இராது. அந்தத் தூரத்துக்கு வந்த மூச்சுதானா அது, நெஞ்சுக்குள் ஏறி இறங்கியது?

குணவதி கையை எடுக்கவில்லை. பெல்ட்டையும் தொடவில்லை. கணவரின் முகத்தைப் பார்த்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்:

“இஞ்சருங்கோ, அவன் எந்தத் தமிழிலை சொன்னவன்?”

சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது மட்டும் கேட்கிறது. மாரிசாமி எதையோ எடுக்கிறவன் மாதிரி திரும்பிக்கொண்டான். இராசநாயகம் வாயைத் திறக்கிறார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பல நாட்களாக இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்து சேர்ந்த கதைகளில் யாரோ ஒருவர் வாயைத் திறந்து, குரல் வராமல் நிற்பது இதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் சொல்ல முடியும். அவர் சிரிக்கவில்லை.

இனி உங்கள் பாடு. நீங்கள் எந்த ஊரோ, அந்தச் சொல்லை எந்த வீட்டில் முதலில் கேட்டீர்களோ, எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் தொய்வு என்று படித்தவுடன் உங்கள் கை எங்கே போனது, கயிற்றுக்கா, நெஞ்சுக்கா? அந்தக் கையைத்தான் குணவதி இப்போது நீட்டிக்கொண்டிருக்கிறார். அழுத்திப் பாருங்கள். சுடும்.